குமட்டல் எண்

“எண்ணு?” என்றான் கிரெகர்.

ரோனா பெட்ரி ஒரு பலூனின் கூடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். வெகு கீழே சாம்பல் நிறக் கடலில் தீவுகள் சிதறிக் கிடந்தன. காற்று அடித்தபோது கூடை இடப்புறம் சாய்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, அவசரமே இல்லாமல் வலப்புறம் திரும்பியது. ஆளைக் கவிழ்ப்பது இந்தச் சாய்வுதான். வேகமாக ஓடுவதோ உயரத்திலிருந்து விழுவதோ அல்ல; தாலாட்டுவது போன்ற இந்த மெதுவான சாய்வு. ஒரு வருடத்துக்கு முன்பென்றால் இந்நேரம் அவள் நாக்கின் அடியில் எச்சில் ஊறியிருக்கும், காதுக்குப் பின்னால் வியர்த்திருக்கும். இப்போது அவள் அந்தக் கூடையில் நின்றபடி, வீட்டில் நாளைக்குப் பால் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ரோனா? எண்ணு என்ன?”

“மூணு,” என்றாள்.

ஹெட்செட்டுக்கு வெளியே எங்கோ கிரெகர் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று என்று பதிவாயிற்று. அது பொய்.

டண்டீ நகரத்துப் பழைய சணல் ஆலை ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது அவர்களுடைய சோதனைக்கூடம். பிற நிறுவனங்கள் உருவாக்கும் வீடியோ விளையாட்டுகளைக் கடைக்குப் போகும் முன் ஆடிப் பார்த்து, எங்கே உறைந்து நிற்கிறது, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கிருந்த பன்னிரண்டு பேருக்கும் பிழைப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கொடுத்து வைத்த வேலையாகத் தெரியும். ஒரே கதவை நானூறு முறை திறந்து மூடியவர்களுக்குத்தான் அதன் சலிப்பு தெரியும். ரோனா பதினான்கு வருடமாகக் கதவுகளைத் திறந்து மூடியவள். நாற்பத்தாறு வயது. கிரெகர் இருபத்து நாலு வயதில் வேலை பழக வந்தபோது அவனுக்கு நாற்காலி காட்டிக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவன் அவளுக்கு மேலாளர். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

முகத்தில் மாட்டிக்கொண்டால் விளையாட்டுக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். ஹெட்செட் முதன்முதலில் வந்த நாளில் பன்னிரண்டு பேரும் ஆளுக்குக் கால் மணி நேரம் மாட்டிப் பார்த்தார்கள். பையன்கள் இளித்துக்கொண்டே கழற்றினார்கள். சிறு வயதிலிருந்து திரைக்கு முன்னால் வளர்ந்தவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. ரோனா நாலாவது நிமிடத்தில் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி, கதவோரம் குடைகள் வைக்கும் வாளியில் வாந்தியெடுத்தாள். அதில் இருந்தது ஒரே ஒரு குடை. அது நஸ்ரீனுடையது. பக்கத்து மேசை நஸ்ரீன் பஷீர் அந்தக் குடையை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. “இந்த ஊர்ல மழை வர்றப்பல்லாம் உன் ஞாபகந்தான் வருது. அப்படின்னா தெனமும்,” என்பாள்.

அன்றைக்கு வெட்கத்தில் வேலையை விட்டே போய்விடலாம் என்று நினைத்தாள் ரோனா. நடந்தது நேர்மாறு. வாங்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பையன்களைப் போன்றவர்கள் அல்ல, ரோனாவைப் போன்றவர்கள் என்று வெளியீட்டு நிறுவனங்கள் கண்டுகொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு வி.ஆர். விளையாட்டிலும் அவளைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் கேட்பார்கள். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் வாளி. அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் பெட்டியின் பின்புறம் லேபிள் அச்சாகும்: இதமானது, நடுத்தரம், கடுமையானது. நாலுக்குக் கீழே இருந்தால் இதமானது. இதமானது என்றால் குடும்பத்தோடு வாங்குவார்கள். இரண்டு முறை ஆட்குறைப்பு வந்தபோதும் அவள் பெயர் பட்டியலில் இல்லை. வேறு எங்கேயும் எதற்கும் உதவாத அவளுடைய வயிறு அவளுக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், சுரங்கத்துக்குள் வளைந்து போகும்போது குமட்டலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரண்டு வருடம் தினமும் ஆட்டி எடுத்ததில் உடம்பு ஒரு வழியாகப் பழகிக்கொண்டுவிட்டது. எண் கேட்டபோது வாய் தானாக “ரெண்டு” என்றது. அன்றிலிருந்து அவள் ஞாபகத்திலிருந்துதான் எண் சொல்லிவந்தாள். படிக்கட்டில் பின்னோக்கி இறங்கினால் ஐந்து. தலையும் உடம்பும் வேறு வேறு பக்கம் திரும்பினால் ஆறு. பழைய ரோனாவின் வயிற்றை ஒரு பாடம்போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஏழு மாதம் அது போதுமானதாக இருந்தது.

‘அரை’ வந்த பிறகுதான் சிக்கல்.

அதன் உண்மையான பெயர் வேறு. விளையாட்டுகளை ஓட்டும் கருவியான, ஏற்கெனவே கடையில் இருக்கிற கேம் கன்சோலையே இன்னும் பலமான உறுப்புகள் போட்டு மறுபடியும் வெளியிட்டிருந்தார்கள். புதிய தலைமுறையா என்றால் இல்லையாம். அதே தலைமுறைதான், கொஞ்சம் மேம்பட்டது, அவ்வளவுதானாம். அப்படிச் சொன்னால்தான் பழைய கன்சோலை வாங்கிய கோடிக்கணக்கானவர்கள் கோபப்பட மாட்டார்கள். சோதனைக்கூடத்தில் அதற்கு ‘அரை’ என்று பெயர் வைத்தது நஸ்ரீன். “என் நாத்தனார் மாதிரி. அஞ்சு வருஷமா முப்பத்தொம்பதரை,” என்றாள். ஆனால் பழையதில் தலையைத் திருப்பினால் படம் ஒரு இமைப்பொழுது தாமதமாகத் திரும்பும். அரையில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. குமட்டல் உட்கார்ந்திருப்பது அந்த இமைப்பொழுதில்தான்.

பலூன் விளையாட்டு கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போகவேண்டியது. தீவுகளுக்குக் கடிதம் கொண்டுபோகும் பலூன். சண்டை இல்லை, சத்தம் இல்லை, குழந்தைகளும் வயதானவர்களும் ஆடலாம். லண்டனில் வெளியீட்டு நிறுவனத்தில் லேபிள் வேலையைப் பார்க்கும் ஃபெனெல்லா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பழசுக்கு ஒரு எண்ணு, மேம்பட்டதுக்கு ஒரு எண்ணு, ரெண்டும் ரோனா வாயால வேணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரே லேபிள், வேலை முடிஞ்சுது. அடுத்த புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.”

பழையதில் எவ்வளவு, அரையில் எவ்வளவு? ரோனாவுக்குத் தெரியவில்லை. அரையில் அவள் ஒருநாளும் பழைய உடம்போடு உட்கார்ந்ததில்லை. மனப்பாடம் செய்த பாடத்தில் அந்தப் பக்கமே கிடையாது. செவ்வாய்க்கிழமை பழையதில் மூன்று என்று சொல்லிவிட்டு இறங்கியபோது, அது ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம் என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது நஸ்ரீன் புகார்க் கடிதங்களை எடுத்தாள். வாங்கியவர்கள் எழுதும் புகார்களை வெளியீட்டு நிறுவனங்கள் அவர்களுக்கு அனுப்பி வைக்கும். அவற்றை நடித்துப் படிப்பது நஸ்ரீனின் பொழுதுபோக்கு. நாய் ஹெட்செட்டைக் கடித்துவிட்டது, காசு திருப்பித் தா என்று ஒருவர். பாதிரியாருக்கு எதிரில் விளையாட்டு கெட்ட வார்த்தை பேசிவிட்டது என்று இன்னொருவர். மூன்றாவதையும் அதே குரலில்தான் தொடங்கினாள்.

“கிரிம்ஸ்பிலருந்து ஒரு பையன். ‘ஐயா, எங்கம்மாவுக்கு அறுபத்து மூணு வயசு. உங்க ரயில் விளையாட்டு பெட்டில இதமானதுன்னு போட்டிருந்துச்சு. எங்ககிட்ட இருக்கறது பழைய கன்சோல். அம்மா பத்து நிமிஷம் ஆடிட்டு எந்திரிச்சாங்க. ரெண்டு அடி வச்சாங்க. மேசை முனைல…’” நஸ்ரீனின் குரல் இறங்கியது. “நெத்தில ஏழு தையலாம்.” காகிதத்தை மடித்தாள். “இத ஏன் இந்தக் கட்டுல போட்டாங்க? இது சிரிக்கற கட்டு.”

ரயில் விளையாட்டு. மார்ச் மாதம். ரெண்டு. ரோனா கையிலிருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். அந்தப் பெண்மணி எந்த விளையாட்டிலும் விழுந்திருக்கலாம், சமையலறையிலும் விழுந்திருக்கலாம், அந்த வயதில் ஆட்கள் விழுவது வழக்கம்தான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. தேநீர் ஆறிப்போனது.

அந்த வாரம் முழுவதும் அவள் தன் குமட்டலைத் தேடி அலைந்தாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காலையில் வேலைக்கு வரும்போது பேருந்தின் மேல்தளத்தில் பின் இருக்கையில் உட்கார்ந்து, செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்த வரி விளம்பரங்களைப் படித்தாள். பூங்காவில் குழந்தைகள் சுற்றும் ராட்டினத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறிச் சுற்றினாள். நாய் நடத்திவந்த கிழவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “ஒடம்புக்கு நல்லதாம்மா?” என்று கேட்டார். வெறும் வயிற்றில் போனாள். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உடம்பு முப்பது வருடத்தில் இவ்வளவு உறுதியாக இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவன் டூகியை அழைத்துக்கொண்டு ஆர்ப்ரோத் துறைமுகத்துக்குப் போனாள். கலங்கரை விளக்கம் வரை போய்வரும் சிறிய படகு. அக்டோபர் கடல். படகுக்காரரே, “இன்னிக்குக் கொஞ்சம் ஆடும், பரவால்லியா?” என்று கேட்டார். “ரொம்ப ஆடுமா?” என்று ரோனா ஆசையாகக் கேட்டதும் டூகி அவள் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

டூகி இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறான். சக்கரத்தைத் தன் கையில் பிடித்திருக்கும்வரை அவனுக்கு எதுவும் ஆகாது. வேறு யாராவது ஓட்டினால் காரில்கூடத் தலை சுற்றும். துறைமுகச் சுவரைத் தாண்டிப் பத்தாவது நிமிடம் அவன் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டான். ரோனா ஒரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இறைச்சி வைத்த பிரைடியைத் தின்றுகொண்டிருந்தாள். அலை படகைத் தூக்கிப் போட்டது. அவள் மென்று விழுங்கினாள். கொழுப்பும் வெங்காயமும் வயிற்றில் போய் அமைதியாக உட்கார்ந்தன.

“வீட்டம்மா கப்பலுக்குப் பொறந்தவங்க போல,” என்றார் படகுக்காரர் பாராட்டாக.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காற்றில் கண்ணீர் பக்கவாட்டில் ஓடியது.

டூகி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. “சாகப் போறவன் நானு. நீ ஏன் அழுவுற?”

“எனக்கு வரல டூகி.”

“என்ன வரல?”

“வாந்தி. மார்ச் மாசத்துலருந்து வரல. நான் சொல்ற எண்ணெல்லாம் பொய்யி.”

அவன் பதில் சொல்வதற்குள் மறுபடி குனியவேண்டியிருந்தது. அவள் காலரைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: ரயில், கிரிம்ஸ்பி, அரை, புதன்கிழமை. அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான். கடைசியில், “ஒடம்பு நல்லாயிடுச்சுன்னு அழுவுற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றான். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “கிரெகர்கிட்ட சொல்லிரு, ரோனி. அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல,” என்றான்.

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், கிரெகரின் கண்ணாடி அறையில் நின்று அவள் சொன்னாள். ஞாயிறு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

“தெரியும்,” என்றான் கிரெகர்.

“என்ன தெரியும்?”

“ஏப்ரல்லருந்து தெரியும். வீடியோவ நான்தானே பாக்குறேன். முன்னாடியெல்லாம் நாலுன்னு சொல்றதுக்கு முன்னாலேயே உங்க மேலுதடு வெளுத்துரும். இப்ப நாலுன்னு சொல்லிட்டு மூக்கச் சொறியறீங்க.”

“அப்புறம் ஏன் எழுதிக்கிட்ட?”

கிரெகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தான். அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வளையங்களை அவள் முதல்முறையாகக் கவனித்தாள். முப்பத்தாறு வயதுக்கு அது அதிகம்.

“உங்க எண்ணு தப்பா இல்லையே ரோனா. நான் மத்த எடத்துச் சோதனைங்களோட ஒத்துப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. உங்க பேரு இல்லேன்னா வி.ஆர். வேலை இந்த ஊருக்கு வராது. அது வரலேன்னா பன்னெண்டு பேர்ல ஆறு பேர வீட்டுக்கு அனுப்பணும். எந்த ஆறு பேருன்னு நீங்க சொல்றீங்களா?”

“கிரிம்ஸ்பி?”

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். கீழே தெருவில் குப்பை வண்டி பின்னோக்கி நகரும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது.

“பலூனுக்கு நான் எண்ணு சொல்லமாட்டேன்,” என்றாள் ரோனா. “எனக்கு நெசமாவே தெரியல. ஆனா தெரிஞ்ச வயிறு ஒண்ணு எங்க வீட்ல இருக்கு.”

டூகிக்கு அன்று பேருந்தில் மாலை முறைதான். காலையில் வந்து, வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று எழுதியிருந்த நாலு பக்கத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டான். ரோனாவின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவள் நிற்கும் இடத்தில் அவனை நிறுத்தினார்கள். ஹெட்செட்டின் பட்டையை அவள்தான் இறுக்கினாள். அவன் தலையில் அந்த வேலையைச் செய்தபோது, கல்யாணத்தன்று கழுத்துப்பட்டை கட்டிவிட்டது ஞாபகம் வந்து உடனே போய்விட்டது.

முதலில் பழைய கன்சோல். ஐந்தாவது நிமிடம் டூகி, “நாலு,” என்றான். ரோனா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டுக்குக் கீழே தெரிந்த பாதி முகம். மேலுதடு மெதுவாக நிறம் இழந்தது. தாடையில் வியர்வை பொடிப்பொடியாகக் கிளம்பியது. கை, இல்லாத கூடையின் விளிம்பைத் தேடிக் காற்றைப் பிடித்தது. இரண்டு வருடம் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கிறது, இத்தனை பேர் இதைப் பார்த்துக்கொண்டு எண் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“டூகி, போதும்னா சொல்லு.”

“எட்டு,” என்றான் அவன் ஒன்பதாவது நிமிடத்தில். “எட்டுன்னு எழுது. வாளி எங்க? வாளி!”

நஸ்ரீன் தன் குடையை ஏற்கெனவே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, இஞ்சி பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து, பிறகு அரையில் நிறுத்தினார்கள். இருபத்தைந்து நிமிடம் நின்றான். இரண்டுக்கு மேல் போகவே இல்லை. கழற்றச் சொன்னபோது, “இரு, அந்தச் சின்னத் தீவுல ஒரு ஆடு நிக்குது, அதுக்கு யாரோ கடுதாசி போட்டிருக்காங்க,” என்றான்.

எட்டு, இரண்டு. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தைக் கிரெகர் இதுவரை பார்த்ததில்லை. அவன் முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்தது. புதன்கிழமை கிரெகர், ரோனா, நஸ்ரீன் மூவருமாக ஃபெனெல்லாவை அழைத்தார்கள். கிரெகர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். யாருடைய வயிறு என்பதையும் சொன்னான். பழைய கன்சோலுக்குக் கடுமையானது, மேம்பட்டதுக்கு இதமானது, பெட்டியில் இரண்டு லேபிள் வேண்டும் என்றான்.

ஃபெனெல்லா தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பின்னணியில் ஒரு குழந்தை இருமியது. வீட்டிலிருந்து பேசுகிறாள் போலிருந்தது.

“பெட்டில ஒரு கட்டம்தான் இருக்கு,” என்றாள். “தலைமுறைக்கு ஒரு கட்டம். இது ரெண்டும் ஒரே தலைமுறை.”

“ஒரே தலைமுறைன்னு பேரு வச்சுட்டா வயித்துக்குத் தெரியுமா?” என்றாள் நஸ்ரீன்.

“பேரு நான் வைக்கலம்மா. கன்சோல் பண்றவங்க வச்சது. ரெண்டு லேபிள் போட்டா, ரெண்டும் வேற வேறன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்க விடமாட்டாங்க. முதன்மைக் கருவி எதுவோ அதோட எண்ணுதான் கட்டத்துல போகும். இனிமே விக்கப்போறது மேம்பட்டதுதானே.”

“பழசு வச்சிருக்கவங்க?” என்று கேட்டாள் ரோனா.

“அவங்களும் அதே தலைமுறைதான், ரோனா.” ஃபெனெல்லாவின் குரலில் எகத்தாளம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவளும் களைத்துப் போயிருந்தாள். “நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பெட்டி அச்சாகி மூணு வாரமாச்சு. இதமானதுன்னுதான் அச்சாயிருக்கு. உங்க தாளு கோப்புல வைக்கறதுக்குத்தான்.”

பேச்சு முடிந்த பிறகும் மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிரெகர் படிவத்தை மேசையின் குறுக்கே தள்ளினான். சோதித்தவர் பெயர், எண், கையெழுத்து. எண்ணுக்கு ஒரே ஒரு சின்னக் கட்டம். ரோனா பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் நெருக்கி எட்டும் இரண்டும் எழுதினாள். நடுவில் ஒரு கோடு. பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, டூகியின் முழுப்பெயரை, டக்ளஸ் பெட்ரி என்று எழுதினாள். கிரெகர் அதைப் பார்த்தான். திருத்தச் சொல்லவில்லை. ஸ்கேன் செய்து அனுப்பினான். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு கேள்வியும் திரும்பி வரவில்லை.

டூகியை வேலைக்கு வரச் சொல்லிக் கிரெகர் கேட்டுப் பார்த்தான். “அப்ப பஸ்ஸ யாரு ஓட்டுறது? பழகிப்போயி எனக்கும் வராமப் போச்சுன்னா?” என்று அவன் மறுத்துவிட்டான். மூன்று வாரத்தில் வேறு ஆள் கிடைத்தாள். வில்மா, பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்து ஓய்வு பெற்றவள். மூன்றே நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாளிக்கு ஓடினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏன் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் வில்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோனா அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, “காலைல ஓட்ஸ் கஞ்சி குடிக்காதீங்க. ரொட்டி மட்டும்,” என்றாள்.

ரோனாவை எழுத்துப்பிழை பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவளாகவே கேட்டுக்கொண்டது. விளையாட்டுகளின் பொத்தான்களிலும் பட்டியல்களிலும் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். ‘தொடங்கு’ சரி. ‘வெளியேறு’ சரி. நிலம் ஆடாத வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்னைவிட அதிகமாகச் சோர்ந்திருந்தாள். ஏன் என்று டூகி கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், டூகிக்குக் கையுறை வாங்கலாம் என்று ஓவர்கேட் வணிக வளாகத்துக்குப் போனாள். மழை. எல்லோருடைய கோட்டிலிருந்தும் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. விளையாட்டுக் கடையின் கண்ணாடியில் பலூனின் பெரிய படம். உள்ளே போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். உள்ளே ஒரு முழுச் சுவர் நிறைய அதே பெட்டி. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மூலையில் பச்சை நிறத்தில்: இதமானது. வி.ஆர். வசதி, இத்தலைமுறைக் கன்சோல்கள் அனைத்துக்கும்.

பக்கத்தில் ஒரு பெண் கடைக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஹெட்செட்டை வேலையிடத்து நண்பர் யாரோ இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“எங்க வீட்ல இருக்கறது பழசு. நாலு வருஷமாச்சு. அதுல இது ஓடுமா?”

“ஓடும்ங்க. பழசு புதுசு எல்லாம் ஒரே தலைமுறைதான்,” என்றான் கடைக்காரன். அவன் பொய் சொல்லவில்லை. அவனை யாரோ வேறு மூலையில் கூப்பிட, போய்விட்டான்.

வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று பதினான்கு வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட தாள் ரோனாவுக்கு ஞாபகத்துக்கு வந்தது. டூகி படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் அதே தாள்தான்.

“யாருக்குங்க வாங்குறீங்க?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் திரும்பினாள். “எங்கப்பாவுக்கு. இடுப்பு ஆபரேஷன் ஆயி வெளிய போக முடியல. சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. இதுல பலூன்ல மேல மேல போகலாமாமே.”

“போலாம். நல்லா இருக்கும்.” ரோனா நிறுத்தினாள். “உங்க பழைய மெஷின்ல போட்டா நின்னு ஆட விடாதீங்க. நாற்காலில உக்காந்தபடியே, அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். முடிச்சவொடனே எந்திரிக்கவும் விடாதீங்க.”

“ஏன்? பெட்டில இதமானதுன்னு போட்டிருக்கே.”

“போட்டிருக்கு.”

“நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?”

“இல்ல. நான் ஆடிப் பாத்திருக்கேன்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பைத்தியமா, வேறு கடையின் ஆளா என்று எடைபோடுவது போலிருந்தது. பிறகு, பார்வை கொஞ்சம் இளகி, சாதாரணமாகக் கேட்டாள்: “உங்களுக்குத் தலை சுத்துச்சா?”

ரோனா அந்தக் கூடையை நினைத்துப் பார்த்தாள். சாய்ந்து, நின்று, திரும்பிய கூடை. அதில் நின்று பாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த தன்னை நினைத்துப் பார்த்தாள்.

“சுத்துச்சு,” என்றாள். “ரொம்ப.”

அந்தப் பெண் பெட்டியைத் திருப்பி, பின்புறத்துப் பொடி எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தாள். அவள் கோட்டு நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. பெட்டி கையில் இருக்க, பணம் செலுத்தும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் ஏழெட்டுப் பேர். அவள் இன்னும் படித்துக்கொண்டே இருந்தாள். வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவள் நகரவில்லை; பின்னால் வந்து நின்ற ஒருவர், போகிறீர்களா என்பதுபோல் கையைக் காட்டினார்.